ஏஐயும் அம்புக்குறியும்: அனுசேபப் பாதை வரிப்படம் வரைபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். சனி, ஞாயிறுகளில் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள் சிலர் கட்டுரைக்கான படங்களைக் கொண்டுவந்து காட்டுவார்கள். ஏஐ வந்த பிறகு இரண்டு பக்கத்தினரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் களைத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவைக்கிறேன்.

பாதை வரிப்படம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

கலத்துக்குள் ஒரு பொருள் இன்னொன்றாக மாறும் வழியை அம்புக்குறிகளால் காட்டும் படம். கிளைக்கோபகுப்பு (குளுக்கோசைப் பைருவேற்றாக உடைப்பது), கிரெப்ஸ் வட்டம், கல்வின் வட்டம் எல்லாம் அனுசேபப் பாதைகள். இன்சுலின் கலத்தின் வாசலில் தட்டியதும் உள்ளே என்ன நடக்கிறது என்பது சமிக்ஞைப் பாதை. பாடநூல்களிலேயே இந்தப் படங்களில் ஒரு பழைய குழப்பம் உண்டு. "இது அதுவாக மாறுகிறது", "இது அதைத் தூண்டுகிறது", "இது அங்கே போகிறது" என்ற மூன்றுக்கும் ஒரே அம்புக்குறியைப் போட்டுவிடுவோம். இதைச் சீர்செய்ய எஸ்.பி.ஜி.என். என்ற சர்வதேசக் குறியீட்டு முறை 2009இல் வெளியானது. பள்ளிக்கூடத்துக்கு அது முழுவதும் தேவையில்லை. மாற்றத்துக்கு ஒரு குறி, தூண்டலுக்கு ஒரு குறி, நிரோதிப்புக்கு (தடுப்பதற்கு) தலையில் குறுக்குக்கோடு என்று மூன்றைப் பிரித்தாலே போதும். ஏஐயிடம் வேலை கொடுக்கும்போது இந்தப் பிரிவை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏஐயிடம் "கிளைக்கோபகுப்பைப் படமாக வரை" என்று நேரே கேட்டால் என்ன?

வரையும், வடிவாகவும் வரையும். பிரச்சினையே அந்த வடிவுதான்.

2024 பெப்ரவரியில் ஃபிரொன்டியர்ஸ் குழுமத்தின் ஆய்விதழ் ஒன்றில் விந்து மூலக்கலங்களும் ஜாக்-ஸ்டாற் சமிக்ஞைப் பாதையும் பற்றி ஒரு கட்டுரை வந்தது. படங்களை மிட்ஜேர்னி என்ற படம் வரையும் ஏஐயில் செய்ததாகக் கட்டுரையாளர்களே எழுதியிருந்தார்கள். உடம்பளவுக்குப் பெருத்த ஆணுறுப்போடு ஓர் எலி. அடுத்த படத்தில், எந்த மொழியிலும் இல்லாத சொற்கள் ஒட்டிய ஒரு சமிக்ஞைப் பாதை. மதிப்பீட்டாளர்களைத் தாண்டி அச்சேறிய அந்தக் கட்டுரை சில நாட்களில் மீளப்பெறப்பட்டது. எலியைப் பார்த்து உலகமே சிரித்தது. எனக்கு அந்த இரண்டாவது படம்தான் பயம் தந்தது. எலி பிழை என்பதைச் சின்னப்பிள்ளையும் சொல்லும். பாதை பிழை என்பதைப் பாதை தெரிந்தவர்தான் சொல்லுவார்.

படம் வரையும் மாதிரிகள் பாதை வரிப்படம் பார்வைக்கு எப்படி இருக்கும் என்பதைப் படித்திருக்கின்றன. பெட்டி, அம்பு, வட்டம், இளநீல இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) எல்லாம் வரும். ஒரு பெட்டிக்குள் ஆறு காபன் போனால் அடுத்ததில் ஆறு காபன் வெளிவர வேண்டும் என்ற கணக்கு அதற்குள் இல்லை. இப்போதைய மாதிரிகள் ஆங்கில எழுத்துகளைப் பெரும்பாலும் சரியாகவே போடுகின்றன. அதனால் நிலைமை மோசமானது என்றே சொல்வேன். முன்பு எழுத்துப்பிழை எங்களை எச்சரித்தது, இப்போது அதுவும் இல்லை.

அப்படியென்றால் எந்த வழியில் போகலாம்?

படத்தைக் கேட்காதீர்கள், அட்டவணையைக் கேளுங்கள். ஒரு படிக்கு ஒரு வரி: தொடங்கும் பொருள், விளையும் பொருள், நொதியம், கூடவே செலவாவதும் கிடைப்பதும், மீளுமா மீளாதா, கலத்தில் எங்கே, எத்தனை காபன். உதாரணத்துக்கு, கிளைக்கோபகுப்பின் மூன்றாம் வரி இப்படி இருக்கும்:

பிரக்டோசு-6-பொசுபேற்று → பிரக்டோசு-1,6-பிசுபொசுபேற்று | பொசுபோபிரக்டோகைனேசு | ஏ.ரி.பி. 1 செலவு | மீளாது | குழியவுரு | 6 காபன்

ஏ.ரி.பி. என்பது கலம் சக்தியைக் கொண்டுசெல்லப் பாவிக்கும் மூலக்கூறு. பத்துப் படிக்குப் பத்து வரி. இதைப் பாடநூலோடு வைத்துப் பேனையால் ஒவ்வொன்றாகச் சரி போடுங்கள். கால் மணித்தியாலம் போதும். இந்தச் சரிபார்ப்பு முடியும்வரை படத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

முடிந்த பிறகு, "இந்த அட்டவணையை மட்டும் வைத்து, எதையும் கூட்டாமல் குறைக்காமல், கிராஃப்விஸ் அல்லது மெர்மெய்ட் நிரல் எழுது" என்று கேளுங்கள். இரண்டும் எழுத்தைப் படமாக்கும் இலவசக் கருவிகள். ஒரு அம்புக்குறிக்கு ஒரு வரி நிரல். ஆகவே எந்த அம்பு எங்கே போகிறது என்பதை நீங்கள் வாசித்தே பார்க்கலாம். பிழையான அம்பென்றால் அந்த வரியை மட்டும் திருத்தலாம். மிட்ஜேர்னிப் படத்தில் ஒரு அம்பை மட்டும் நினைத்தபடி திருத்துவது கடினம். கடைசியில் அந்தப் படத்தை எஸ்.வி.ஜி. கோப்பாக இறக்கி இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைதல் மென்பொருளில் திறந்து இடம் மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, இழைமணிக்கு ஒரு எல்லைக்கோடு போட்டால் வேலை முடிந்தது. இங்க்ஸ்கேப் பழைய லப்டொப்பிலும் இணைய இணைப்பு இல்லாமலே ஓடும்.

பாடநூலிலேயே படம் இருக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு?

பாடநூற்படம் போதுமென்றால் அதையே பாவியுங்கள். நான் ஏஐயை எடுப்பது பாடநூலில் இல்லாத படத்துக்குத்தான்.

நீங்கள் பிழை விட்டதில்லையா?

ஏன் இல்லை! தொடக்கத்தில் அவசரத்துக்கு ஏஐ தந்த கிளைக்கோபகுப்புப் படம் ஒன்றை அப்படியே ரியூட்டில் (வகுப்புக் குறிப்பில்) அடித்துக் கொடுத்துவிட்டேன். பத்து நொதியங்களின் பெயரும் சரி. நானும் பெயர்களை மட்டும்தான் பார்த்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி, "மிஸ், ஆறு காபன் ரெண்டாப் பிரியுது, ஆனா ஒரு மூண்டு காபன்தான் கீழ போகுது. மற்ற மூண்டும் எங்க?" என்றாள்.

நாலாம் படியில் அல்டோலேசு பிரித்த இரண்டு துண்டில் ஒன்று கிளிசரல்டிகைட்டு-3-பொசுபேற்று. அது நேரே கீழே போகும். மற்றது இருஐதரொட்சி அசற்றோன் பொசுபேற்று. அது ஐந்தாம் படியில் முதலாவதைப் போல மாறி அதே வழியில் சேர வேண்டும். என் படத்தில் அந்த இரண்டாவது பெட்டி அம்பே இல்லாமல் ஓரத்தில் தனியே நின்றது. அதனால் ஆறாம் படியிலிருந்து போட வேண்டிய "× 2"உம் இல்லை. அந்தப் படத்தை நம்பிக் கணக்குப் பார்த்தால் இரண்டு ஏ.ரி.பி. செலவு, இரண்டு வரவு, மிச்சம் பூச்சியம். உண்மையில் வரவு நாலு, மிச்சம் இரண்டு.

அன்றிலிருந்து எந்தப் பாதை வந்தாலும் முதலில் காபன் எண்ணுவேன். 6, 6, 6, 3+3 என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே போனால் விட்டுப்போன அம்பு தானாகவே தெரியும். கிரெப்ஸ் வட்டத்துக்கும் அப்படியே: இரண்டு காபனோடு நாலு சேர்ந்து ஆறு, ஒரு காபனீரொட்சைட்டு போக ஐந்து, இன்னொன்று போக நாலு. ஏஐ தரும் அட்டவணையில் காபன் எண்ணிக்கைக்கும் ஒரு கட்டத்தைக் கட்டாயம் கேளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

வேறு எந்த இடங்களில் அடிக்கடி பிழைக்கிறது?

நிரோதிப்பில். கலத்தில் ஏ.ரி.பி. நிறைய இருந்தால் பொசுபோபிரக்டோகைனேசு தணியும், ஏ.எம்.பி. (ஏ.ரி.பி. செலவாகி மிஞ்சுவது) கூடினால் முடுகும். இரண்டுக்கும் ஒரே அம்பைப் போட்டுவிடும். சமிக்ஞைப் பாதைகளில் இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே தடைக்கு மேல் தடை வரும். இன்சுலின் வந்ததும் ஏ.கே.ரி. என்ற கைனேசு (பொசுபேற்றைச் சேர்க்கும் நொதியம்) விழிக்கும். அது ஜி.எஸ்.கே.-3 என்ற இன்னொரு கைனேசில் பொசுபேற்றைச் சேர்த்து அதை அடக்கும். ஜி.எஸ்.கே.-3 இருந்தால் கிளைக்கோசன் தொகுக்கும் நொதியத்தை அடக்கியிருக்கும். அடக்குபவனை அடக்கினால் கிளைக்கோசன் கூடும். இந்த இரண்டு குறுக்குக்கோட்டில் ஒன்றை ஏஐ அம்பாக மாற்றிவிட்டால் இன்சுலின் கிளைக்கோசனைக் குறைக்கிறது என்று முடியும். பொசுபேற்று சேர்ந்தால் எப்போதும் "விழிக்கும்" என்று அது எடுத்துக்கொள்கிறது போல. நீரிழிவு படிக்கிற மருத்துவ பீட மாணவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

இடையில் ஒரு படியை விழுங்குவது அடுத்தது. எங்கள் கிணற்று நீரில் நைத்திரேற்று என்பது தெரிந்த கதைதான். சுண்ணாம்புக்கல் நிலம், தோட்டத்துப் பசளை, மலசலகூடக் குழி, எல்லாம் கீழே இறங்குகிறது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. இதைப் பற்றி ஒரு மாணவர் செய்த படத்தில், கிணற்றிலிருந்து வந்த நைத்திரேற்று நேரே குழந்தையின் ஈமோகுளோபினில் போய் ஒட்டியது. அப்படி நடப்பதில்லை. நைத்திரேற்றைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாக மாற்றும். நைத்திரைற்று ஈமோகுளோபினில் இருக்கும் இரும்பை இரண்டு ஏற்றத்திலிருந்து மூன்று ஏற்றத்துக்கு ஒட்சியேற்றும். அந்த இரும்பு ஒட்சிசனைப் பிடிக்காது, குழந்தை நீலம் பாரிக்கும். விடுபட்டது ஒரே ஒரு பெட்டி, ஆனால் விளக்கம் முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

பிறகு இடம். குழியவுருவில் நடக்கும் கிளைக்கோபகுப்பை இழைமணிக்குள் வரைந்த படங்கள் எத்தனையோ வந்திருக்கின்றன. ஒரு குளுக்கோசு சுவாசத்தில் முழுதாக எரிந்தால் வரும் ஏ.ரி.பி. மொத்தம் இன்னொன்று: பழைய கணக்கில் 36 அல்லது 38, புதிய கணக்கில் 30 அல்லது 32. ஏஐ இரண்டு கணக்கையும் ஒரே படத்தில் கலக்கும். ஒரு பக்கம் என்.ஏ.டி.எச். (இலத்திரன் காவும் மூலக்கூறு) ஒன்றுக்குப் பழைய கணக்கின்படி மூன்று ஏ.ரி.பி., அடியில் புதிய கணக்கின்படி மொத்தம் 32. பிள்ளைகளின் பாடநூல் எந்தக் கணக்கோ அதை நீங்களே கட்டளையில் எழுதிவிடுங்கள்.

தமிழில் பெயரிட்டுத் தருமா?

தரும், ஆனால் எங்கள் தமிழில் தராது. ஒளிச்சேர்க்கை, நொதி, செல், கார்பன் டை ஆக்ஸைடு, மைட்டோகாண்ட்ரியா, வளர்சிதை மாற்றம் என்று வரும். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது சரி. எங்கள் பிள்ளைகள் பரீட்சையில் எழுதுவது ஒளித்தொகுப்பு, நொதியம், கலம், காபனீரொட்சைட்டு, இழைமணி, அனுசேபம். ஒரே ரியூட்டில் இரண்டும் கலந்தால் பலவீனமான பிள்ளைதான் குழம்பும். கெட்டிக்காரப் பிள்ளை எப்படியும் தப்பும்.

பாடநூலில் உள்ள சொற்களை ஆங்கிலத்துக்கு நேரே எழுதி ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். அறுபது எழுபது சொல் இருக்கும். உயிரியலை ஆங்கிலத்தில் கேட்பேன், அதில் பிழை குறைவு. அட்டவணை சரியென்று ஆன பிறகு, "பெயர்களை இந்தப் பட்டியலில் உள்ளபடி மட்டும் மாற்று, பட்டியலில் இல்லாததை ஆங்கிலத்திலேயே விடு" என்பேன். கடைசி வாக்கியம் முக்கியம். இல்லாவிட்டால் தானே ஒரு சொல்லை உண்டாக்கி வைத்துவிடும்.

சொல்லுக்கு இவ்வளவு சண்டை பிடிப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர். உடற்கூற்றுக்கும் இரசாயனத்துக்கும் அவர் சொல் தேடிய பாட்டோடு பார்த்தால் எங்களுடையது பெரிய வேலையா?

படத்துக்குள் தமிழ் எழுத்து உடைகிறதே?

படம் வரையும் மாதிரியில் தமிழைப் போடவே போடாதீர்கள். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகலாம். நிரல் வழியில் வந்த எஸ்.வி.ஜி.யில் உடைந்தால் அது எழுத்துருப் பிரச்சினை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யுனிகோட் எழுத்துருவைக் கொடுத்தால் சரியாகும்.

எங்கள் ஊர் உதாரணம் ஒன்று சொல்லுங்கள்.

பனங்கள். நொதித்தலைப் படிப்பிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது, பள்ளிக்கூடத்தில் கள்ளைப் பற்றிப் பேசுவதா என்று முகம் சுளிப்பவர்கள் இருந்தாலும்.

பாளையில் வடியும் சாற்றில் இருக்கும் சீனி பெரும்பாலும் சுக்குரோசு. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசியிருந்தால் காரத்தன்மை கூடி நுண்ணுயிரும் அவற்றின் நொதியமும் அடங்கும். கருப்பநீராக இனிப்போடு இறங்கும். பூசாவிட்டால் இன்வேற்றேசு என்ற நொதியம் சுக்குரோசை குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடைக்கும். அவை பைருவேற்றாகும். அதிலிருந்து காபனீரொட்சைட்டு நுரையாகப் போக, அசற்றல்டிகைட்டு வந்து, கடைசியில் எதனோல். இன்னும் வைத்திருந்தால் வேறு பற்றீரியா எதனோலை அசற்றிக்கமிலமாக்கிப் புளிக்கவைக்கும். முட்டியில் பூசிய சுண்ணாம்பு இந்தப் படத்தில் ஒரு குறுக்குக்கோடு. நிரோதிப்பு என்றால் என்னவென்று அதற்குப் பிறகு நான் விளக்கத் தேவையில்லை.

ஏஐயிடம் இதைக் கேட்டபோது ஒரேயொரு பாதையை, மதுவத்தின் (யீஸ்ட்) கிளைக்கோபகுப்பை, வரைந்து முடித்துவிட்டது. கள்ளில் மதுவம் மட்டும் இல்லை. சைமோமொனாசு மொபிலிசு என்ற பற்றீரியாவும் இருக்கும். அதற்குப் பொசுபோபிரக்டோகைனேசே கிடையாது. அது என்ட்னர்-டூடொரொவ் என்ற வேறு பாதையால் குளுக்கோசைப் பைருவேற்றாக்கும். மதுவத்துக்கு ஒரு குளுக்கோசுக்கு இரண்டு ஏ.ரி.பி. மிஞ்சும், இதற்கு ஒன்றுதான். வருவாய் குறைவென்பதால் அது சீனியை வேகவேகமாக எரிக்கும். "சைமோமொனாசு எங்கே?" என்று நான் கேட்ட பிறகுதான் சரியாக எழுதியது. கேட்கத் தெரியாவிட்டால் அந்தப் பாதி வந்திருக்காது. முதல் தடவை கருப்பநீருக்குப் பதநீர் என்றும் போட்டிருந்தது, அதை விடுவோம்.

கரும்பலகையில் வரைந்ததைப் போட்டோ எடுத்துக் கொடுத்தால் சுத்தமாக்கித் தருமா?

பெட்டியையும் அம்பையும் ஓரளவு நன்றாகவே வாசிக்கும். தமிழ்க் கையெழுத்தில்தான் தடுமாறும். அதற்கு நான் செய்வது, பெட்டிகளுக்குள் இலக்கம் மட்டும் போட்டு வரைந்து, 1 என்றால் என்ன 2 என்றால் என்ன என்று கீழே தட்டச்சு செய்து கொடுப்பது. அம்புகளின் பட்டியலை முதலில் எழுத்தில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்: "1இலிருந்து 2க்கு, 4 நிரோதிக்கிறது 3ஐ" என்று. சரியென்றால் மட்டும் படத்துக்குப் போங்கள்.

எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது? அங்கேயுள்ள படங்களை அப்படியே எடுக்கலாமா?

மனிதப் பாதைகளுக்கு ரியக்ரோம் என்ற தரவுத்தளம். எல்லா உயிரிகளுக்கும் யப்பானின் கியோட்டோவில் 1995இல் தொடங்கிய கெக். பலர் சேர்ந்து எழுதித் திருத்துவது விக்கிபாத்வேஸ். மூன்றையும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

எடுப்பது வேறு கதை. விக்கிபாத்வேஸில் உரிமைத் தடை இல்லை. ரியக்ரோம் படத்தை மூலம் குறிப்பிட்டுப் பாவிக்கலாம். கெக் படங்களைக் கட்டுரையிலோ புத்தகத்திலோ போட அனுமதி பெற வேண்டும். பயோரெண்டர் என்ற படம் செய்யும் இணையத்தளத்தில் செய்த படத்தை ஆய்விதழில் போடவும் அதற்குரிய கட்டணத் திட்டமும் உரிமக் கடிதமும் தேவை. கடைசி நேரத்தில் இதில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆய்விதழ்கள் ஏஐ படத்தை ஏற்குமா?

நேச்சர் இதழ்கள் 2023இலேயே ஜெனரேட்டிவ் ஏஐ (புதிதாக உருவாக்கித் தரும் ஏஐ) செய்த படங்களை மறுத்துவிட்டன. எல்செவியரும் ஆய்வு முறையின் பகுதியாக இருந்தாலன்றி அனுமதிப்பதில்லை. நீங்கள் சரிபார்த்த அட்டவணையிலிருந்து நிரலால் வரைந்த படம் அதே வகையைச் சேர்ந்ததா என்பது ஆசிரியர் குழுவுக்கு ஆசிரியர் குழு மாறும். அனுப்புவதற்கு முன் மின்னஞ்சலில் கேளுங்கள். நிரல் எழுத எந்த ஏஐயைப் பாவித்தீர்கள், எதனோடு சரிபார்த்தீர்கள் என்று முறைகள் பகுதியில் இரண்டு வரி எழுதுங்கள். இன்னும் வெளிவராத முடிவுகளையும் நோயாளர் விபரங்களையும் இலவச ஏஐ பெட்டிக்குள் ஒட்டாதீர்கள்.

வகுப்பில் எப்படிப் பாவிக்கிறீர்கள்?

பரீட்சை மண்டபத்தில் பிள்ளையிடம் பேனை மட்டும்தான் இருக்கும். ஆகவே முடிந்த படத்தைக் கொடுப்பதில் பெரிய பயனில்லை. ஒரே நிரலிலிருந்து மூன்று படம் எடுப்பேன். ஒன்று முழுமையானது, எனக்கு. ஒன்றில் பாதிப் பெட்டி வெறுமையாக இருக்கும். மூன்றாவதில் மூன்று அம்பை வேண்டுமென்றே பிழையாக்கி, "கண்டுபிடியுங்கோ" என்று கொடுப்பேன். அந்த நாளில் வகுப்பில் வரும் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு சேர் வந்து எட்டிப் பார்ப்பார்.

நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பு அம்பு, பச்சை அம்பு என்று வடிவாகச் செய்தாலும் போட்டோகொப்பிக் கடையில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். தொடர்கோடு, விட்டுவிட்டு வரும் கோடு, குறுக்குத்தலை என்று வேறுபடுத்துங்கள்.

போனில் மட்டும் செய்யலாமா? காசு கட்ட வேண்டுமா?

அட்டவணை, நிரல் வரை போனில் முடியும். மெர்மெய்ட் படத்தை உலாவியிலேயே பார்க்கலாம். ஒழுங்குபடுத்தும் வேலைக்குத்தான் லப்டொப். காசு கட்டத் தேவையில்லை. ஆனால் தமிழில் நீளமாக உரையாடினால் இலவச அளவு சீக்கிரம் முடியும். ஆங்கிலத்தைவிடத் தமிழ் எழுத்து கூடுதலாக எண்ணப்படுகிறது.

பழைய ரியூட் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கிறது. அதை ஏஐயிடம் கொடுத்தால் ஏதோ உளறுகிறதே?

பாமினியில் அடித்தது கணினிக்குத் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துக் குவியலுக்கு மேல் தமிழ் முகமூடி போட்டது. இணையத்தில் பாமினியை யுனிகோடாக மாற்றும் இலவச மாற்றிகள் இருக்கின்றன. முதலில் அதில் மாற்றுங்கள். மாற்றிய பிறகு சமன்பாடுகளை மட்டும் திரும்ப ஒருமுறை பாருங்கள். வேறு எழுத்துருவில் இருந்த அம்புக்குறிகளும் ஆங்கில எழுத்துகளும் அதோடு சேர்ந்து தமிழெழுத்தாக மாறியிருக்கலாம்.